சுதை, பீங்கான், ஃபைபர்: அலங்காரத்தின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

கட்டிட அலங்காரம் பற்றி நம்மிடையே இரண்டு குரல்கள்தாம் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று, பழைய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து 'அந்தக் கை இப்ப எங்கய்யா இருக்கு' என்று பெருமூச்சு விடும் குரல். மற்றது, 'எடை இல்ல, விலை கம்மி, ஒரு வாரத்துல மாட்டிக் குடுத்துடுவோம்' என்னும் காண்ட்ராக்டரின் குரல். முதலாவது பண்பாட்டின் பெயராலும் இரண்டாவது சந்தையின் பெயராலும் பேசுவதாகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் உடன்படுகின்றன. அலங்காரத்தைச் செய்கிறவரைப் பேசவிடுவதில்லை என்பதே அது. முதற்குரல் அவரை இறந்தகாலத்தில் நிறுத்திக் கும்பிடுகிறது. இரண்டாங்குரல் அவரை ரேட்டுக்குள் கரைத்துவிடுகிறது.

கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்த பொருள், பேச்சுவழக்கில் வெறும் 'ஃபைபர்', இன்று கல்யாண மேடையின் யானையாகவும், மண்டப வாசலின் தூணாகவும், நகைக்கடை முகப்பின் போதிகையாகவும், சினிமா செட்டின் அரண்மனையாகவும் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. இதை ரசனைக் கேடு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ரசனை பற்றிய தீர்ப்புகளுக்குப் பின்னால் எப்போதுமே உற்பத்தியின் வரலாறு ஒன்று மறைந்திருக்கிறது. அவ்வரலாற்றைப் பேச விருத்தாசலத்தையும் அதையொட்டிய நல்லூர் ஒன்றியத்தையும் விடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றுகிறது. சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தனின் இயற்பெயர் வழியாக மட்டுமே இவ்வூர்ப் பெயரைக் கேட்டிருக்கும் இலக்கிய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இது பீங்கான் ஊர். பழமலைநாதர் கோயிலின் கோபுரங்களில் சுதை, தொழிற்பேட்டையில் பீங்கான், கல்யாண மேடையில் ஃபைபர் என்று மூன்று பொருள்களும் மூன்று காலங்களும் ஒரே ஊருக்குள் அருகருகே நிற்கின்றன.

2

முதலில் 'அசல் / போலி' என்ற எதிர்வைப் பார்ப்போம். இது நம்முடைய எதிர்வுதானா?

1849இல் ஜான் ரஸ்கின் கட்டிடக்கலையின் அறங்களுள் ஒன்றாக உண்மையை வைத்தார். ஒரு பொருளை இன்னொரு பொருள்போல் வண்ணம் பூசிக் காட்டுவதும், கையால் செதுக்க வேண்டிய அலங்காரத்தை அச்சில் வார்ப்பதும் அவருக்கு ஏமாற்று வேலைகள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அடால்ஃப் லூஸ் இன்னும் ஒருபடி மேலே போய் அலங்காரத்தையே குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். 1957இல் ரொலான் பார்த் பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதியபோது இந்த அறச்சீற்றம் இல்லை. பழைய போலிப் பொருள்கள் வைரமாகவும் பட்டாகவும் பாவனை செய்து மேலே ஏற முயன்றன, பிளாஸ்டிக்கோ அன்றாடத்துக்குள் இறங்கிவரச் சம்மதித்த பொருள் என்று அவர் கண்டார். போத்ரியா 1976இல் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியச் சுதையைப் போலிமையின் முதல் வரிசைக்கு எடுத்துக்காட்டாக வைத்து, பிற்காலப் பிளாஸ்டிக்கின் மூதாதையாக அதைப் பார்த்தார்.

போத்ரியாவின் இந்த வாசிப்பை அப்படியே எடுத்துவந்து நமது கோபுரத்தின் மேல் ஒட்டிவிட முடியாது. காரணம், தமிழ்ச்சூழலில் சுதை எதற்கும் போலி அல்ல. திருவரங்கத்தில் கருவறைக்குள் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளே சுதைத் திருமேனிதான். அதனால்தான் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பு. கல், மரம், உலோகம், சுதை இவற்றுள் ஒன்று அசல், மற்றவை நகல் என்ற படிநிலை இங்கே செல்லுபடியாகவில்லை. மையத்தில் இருக்கும் மூர்த்தியே சுண்ணாம்பும் மணலுமாக இருக்கும்போது 'இது வெறும் பூச்சு வேலை' என்ற ஐரோப்பிய ஏளனம் எங்கே போய் நிற்கும்?

இன்னொன்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், பழைய தென்னாற்காட்டுக்குள், மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மூவருக்கும் கோயில் எடுத்ததாக ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். அந்தப் பெருமையிலிருந்தே அதுவரை கோயில் எதனால் ஆகியிருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று அழைக்கப்படுவது கல்லில் நிற்கும் ஒரு கூரைக் குடிசை. ஆவுடையார்கோயிலின் கொடுங்கைக்கு அடியில் போய் நின்று பாருங்கள்: கல்லில் மரச்சட்டங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகளும் கல்லில். எந்தக் கட்டுமானத் தேவையும் இல்லாத ஆணி. ரஸ்கினின் கணக்குப்படி அது அப்பட்டமான பொய். நமது ஸ்தபதிகளோ அதைத் தம் தொழிலின் உச்சமாகக் காட்டுகிறார்கள். புதிய கோயில் கட்ட எழுதப்பட்ட பழைய ஒப்பந்தங்களில் ஆவுடையார்கோயில் கொடுங்கை 'நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்கள் என்னும் வழக்காறு இன்னும் வாய்மொழியில் இருக்கிறது.

ஆக, ஒரு பொருளின் உருவத்தை இன்னொரு பொருள் ஏற்று நடிப்பது நம் கட்டிட மரபில் குற்றமன்று. மரம் கல்லாயிற்று, கல் சுதையாயிற்று, சுதை சிமெண்டாயிற்று, சிமெண்ட் ஃபைபராகிறது. இந்த வரிசையில் கடைசி ஆள் மட்டும் பொய்யன் என்பது எந்த நியாயம்? ஃபைபரை விமர்சிக்க வேண்டுமானால் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

3

அலங்காரம் தொழிற்சாலைப் பண்டமான கதை ஃபைபரில் தொடங்கவுமில்லை. 1769இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் எலினார் கோட் என்ற பெண்மணி செயற்கைக் கல் தொழிற்சாலை ஒன்றை எடுத்து நடத்தத் தொடங்கினார். அவருடைய 'கோட் கல்' உண்மையில் கல்லே அல்ல. சுட்டுப் பொடித்த மண்ணை மறுபடி களிமண்ணில் கலந்து, அச்சில் அழுத்தி, நாள்கணக்கில் உலையில் சுட்ட பீங்கான் வகை. சிங்கங்கள், தூண் தலைகள், வாசல்முகங்கள் எல்லாம் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்து வாங்கப்பட்டன. 1837இல் செய்யப்பட்ட கோட் கல் சிங்கம் ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே இன்றும் நிற்கிறது. மழைக்கும் புகைக்கும் பல இயற்கைக் கற்களை விட நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கிறது. போலி அசலை மிஞ்சிய கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்க நகரங்களில் கிளேஸ் பூசிய சுடுமண் கல்லின் இடத்தைப் பிடித்தது. உயர்ந்த கட்டிடங்களின் கொடுங்கைகளெல்லாம் சுட்ட மண். காலப்போக்கில் உள்ளே கம்பி துருப்பிடித்து அவை கழன்று விழத் தொடங்கின. 1979இல் நியூயார்க்கில் கட்டிட முகப்பிலிருந்து விழுந்த துண்டு ஒன்று ஒரு மாணவியின் உயிரைக் குடித்தது. 1980இல் முகப்புகளைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்று அந்நகரம் சட்டம் இயற்றியது. பல உரிமையாளர்கள் செலவுக்கு அஞ்சி அலங்காரத்தையே வெட்டி எறிந்தார்கள். திரும்ப வைக்க நினைத்தவர்கள் பலர் நாடியது ஃபைபரை. 1988இல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறை, பழைய கட்டிடங்களில் மாற்றுப் பொருள்களை எந்த நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டபோது ஃபைபரும் அதில் இடம்பெற்றது. கல்லுக்கு நகலாக வந்த சுடுமண், அதற்கு நகலாக வந்த ஃபைபர். முதல் நகல் இப்போது பாதுகாக்கப்பட வேண்டிய 'அசல்' ஆகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். அசல் என்பது பல சமயம் வயதாகிவிட்ட நகல்தான்.

கண்ணாடி இழை தொழில்முறையில் சாத்தியமானது ஒரு விபத்தால். 1932இல் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் நிறுவனத்தில் கண்ணாடிக் கட்டிகளை உருகவைத்து ஒட்ட முயன்றுகொண்டிருந்தார் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவானது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் ராடார் மூடிகளுக்கு ரெசினோடு சேர்ந்து பயன்பட்டது. போர் முடிந்ததும் படகு, கார், கூரை என்று சிவில் வாழ்வுக்குள் நுழைந்தது. 1957இல் டிஸ்னிலேண்டில் மான்சாண்டோ நிறுவனம் எதிர்கால வீடு ஒன்றையே இப்பொருளால் கட்டிக் காட்டியது. 1967இல் அதை இடிக்கப் போனபோது இடிகுண்டு பட்டுத் தெறித்துத் திரும்பியதாம். கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். எதிர்காலம் இடிக்கவும் முடியாததாக இருந்தது.

நமது மாவட்டத்துக்கும் ஃபைபர் முதலில் அலங்காரமாக வரவில்லை. கடலூர்க் கரையில் 'ஃபைபர்' என்றால் படகு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. கரையில் பிழைப்புக்கான பொருளாக இருப்பது உள்நாட்டில் விருத்தாசலம், நல்லூர், வேப்பூர்ப் பக்கம் வரும்போது தூணாகவும் யானையாகவும் உருமாறுகிறது.

4

இனி பீங்கான். நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் உருவாகிப் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைப் பிளந்தபோது மேலே கிடந்த அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. கரியை எடுக்க ஒதுக்கப்பட்ட மண். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும், தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கற்களிமண் குழாய்ப் பிரிவும் அமைந்ததை இந்த மண்ணின் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். பொம்மை, அகல்விளக்கு, மின் ஃபியூஸ் கேரியர், சாக்கடைக் குழாய். அலங்காரமும் அன்றாடமும் ஒரே உலையில் வெந்தன.

பிறகு நடந்ததை ஒரு பட்டியலாகவே எழுதிவிடலாம். களிமண் குழாயின் இடத்துக்குப் பி.வி.சி. வந்தது. பீங்கான் ஃபியூஸின் இடத்துக்கு பிளாஸ்டிக் உடம்புகொண்ட எம்.சி.பி. சுவிட்ச் வந்தது. ஊறுகாய் ஜாடியின் இடத்துக்கு பிளாஸ்டிக் டப்பா வந்தது. பயன்பாட்டின் ஒவ்வொரு தளத்திலிருந்தும் பெட்ரோலியத்தின் பிள்ளைகள் மண்ணை வெளியேற்றின. மிச்சம் அலங்காரம். கொலுவுக்குப் பொம்மை, அலமாரிக்குப் பிள்ளையார். அந்தக் கடைசித் திண்ணையிலும் இப்போது ஃபைபர் வந்து உட்கார்ந்திருக்கிறது. நல்லூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு இது அழகியல் பிரச்சினை அல்ல; தொழிற்பேட்டையில் வேலை உண்டா இல்லையா என்ற பிரச்சினை.

வேடிக்கை என்னவென்றால் இரண்டும் அடிப்படையில் உறவுக்காரர்கள். பீங்கான் என்பது வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார். கண்ணாடி இழைக்குப் பெரிதும் பயன்படும் 'இ' வகைக் கண்ணாடியில் பாதிக்கு மேல் சிலிக்கா. அதற்குத் தேவையான அலுமினாவைத் தருவது பெரும்பாலும் அதே வெள்ளைக் களிமண். மின்காப்புக்காக உருவாக்கப்பட்டதால்தான் அந்த 'இ' என்ற பெயர். பீங்கான் ஃபியூஸும் அதே மின்காப்புக் குணத்தை நம்பித்தான் பிழைத்தது.

அச்சு விஷயத்திலும் அப்படியே. 'ஃபைபர் அச்சில் வார்த்தது, பீங்கான் கையால் செய்தது' என்று சொல்கிறவர்கள் தொழிற்பேட்டைக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். பீங்கான் பொம்மையும் அச்சுதான். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் ஓடு படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்று. ஃபைபரில் அச்சுக்கு மெழுகு தடவி, ஜெல்கோட் பூசி, இழைப்பாயை வைத்து ரெசினைத் தடவி ரோலரால் காற்றை வெளியேற்றுகிறார்கள். அதுவும் ஓடு, அதுவும் உள்ளே வெற்று. வால்டர் பெஞ்சமின் சொன்ன இயந்திர மறுஉற்பத்தியால் அசலின் ஒளிவட்டம் கலைவது இரண்டுக்கும் பொது.

பின் வித்தியாசம் எங்கே? நெருப்பில். பீங்கானுக்கு ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலை வேண்டும், எரிபொருள் வேண்டும், வெப்பத்தைக் கணிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். பெரிய உருப்படி கோணும், வெடிக்கும். ஆறடித் தூணை ஒரே துண்டாகச் சுட்டெடுப்பது சூதாட்டம். ஃபைபருக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. கோபால்ட்டும் ஹார்டனரும் கலந்தால் நிழலில் தானே இறுகும். சில மில்லிமீட்டர் கனம் போதும். இரண்டு பேர் தூக்கி மாட்டிவிடலாம். ஒரு தகரக் கொட்டகை இருந்தால் பட்டறை தயார்.

ஆனால் நெருப்பு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 1400 டிகிரிக்கு மேல் கண்ணாடியை உருக்கி, பிளாட்டினம் கலந்த துளைத்தட்டின் வழியே இழுத்து, தலைமுடியை விட மெல்லிய இழையாக்குவது பெரிய ஆலைகளில் நடக்கிறது. ரெசின் பெட்ரோ கெமிக்கல் ஆலையிலிருந்து பீப்பாயில் வருகிறது. நெருப்போடு சேர்ந்து அறிவும் மூலதனமும் ஊரை விட்டுப் போய்விட்டன. உலை ஊருக்குள் இருந்தபோது அதைச் சுற்றி ஒரு கல்வி நிறுவனமும் தொழிற்பேட்டையும் அமைந்தன. இப்போது ஊருக்கு வந்துசேர்வது பீப்பாயும் பாய்ச்சுருளும் மட்டுமே. மாற்றத்தின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. 'போலி' என்ற சொல்லில் அல்ல.

5

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய கைவினையை ஏங்கிப் பேசுவது நம் சூழலில் சாதியை ஏங்கிப் பேசுவதாகவும் ஆகிவிடக் கூடியது. மண் குயவரிடமும் சுதையும் கல்லும் கம்மாளரிடமும் இருந்தன. அந்தத் தேர்ச்சியின் அழகை வியக்கிறவர்கள், அது பிறப்பால் பூட்டி வைக்கப்பட்டிருந்ததைப் பற்றிப் பேசுவதில்லை. அரசு நிறுவனத்தில் பட்டயப் படிப்பாகச் செராமிக் வைக்கப்பட்டது அந்தப் பூட்டில் விழுந்த ஒரு கீறல். எந்தச் சாதிப் பையனும் கிளேஸ் கலக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றாயிற்று. ஃபைபர் பட்டறையோ இன்னும் ஒரு படி மேல். சில மாதங்களில் வேலை பழகிவிடலாம். 'நீ யார் மகன்' என்று கேட்காமலே ரோலரைக் கையில் கொடுக்கிறார்கள். இது சின்ன விடுதலை அல்ல.

ஆனால் விடுதலையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2018இல் வைத்தது. இழையை அறுக்கும்போது பறக்கும் துகள் தோலில் ஏறி ராத்திரி முழுக்க அரிக்கும். பழைய பக்கமும் சுத்தமில்லை. பீங்கான் தொழிலில் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகிறது. அந்தத் தூசியைப் புற்றுநோய்க் காரணியென்றே அதே முகமை 1997இல் வகைப்படுத்திவிட்டது. மண் புனிதம், பிளாஸ்டிக் பாவம் என்ற நமது சுற்றுச்சூழல் பக்தி இந்த நுரையீரல்களின் முன் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. மூக்குக்கு முகமூடியும் பட்டறைக்குக் காற்றோட்டமும் கேட்பது இரண்டு இடத்திலும் ஒரே கோரிக்கை.

பெயர் விஷயத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. கோபுரம் புதுப்பித்தவர் ஸ்தபதி. அவருக்குக் குடமுழுக்கு அன்று பரிவட்டம் உண்டு. ஃபைபர் அச்சுக்கு மூல உருவத்தைக் களிமண்ணில் பிடித்துக் கொடுக்கிறவர் வெறும் 'மோல்டு மேக்கர்'. அவர் ஒரு முறை செய்த யாளி ஐம்பது மண்டபங்களில் நிற்கும். அவருக்குக் கூலி ஒரு யாளிக்குத்தான். சாதிப் பெயர் கழன்றது நல்லது. அதோடு சேர்ந்து செய்தவரின் பெயரும் கழன்றுபோனதை நாம் கவனிக்கவே இல்லை.

6

கடைசியாகக் காலம் பற்றி. சுதை அழியும் பொருள். வெயிலும் மழையும் அதைத் தின்னும், பொரிந்து உதிரும், காக்கை எச்சத்தில் அரசு முளைக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தை வெறும் சமயச் சடங்காகப் பார்த்தால் பாதிதான் தெரியும். சாரம் கட்டி, சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையைப் பக்கத்தில் நிற்கவைத்து வேலை பழக்கும் பொருளாதார ஏற்பாடும் அது. அழிவே கல்வியாக இருந்தது. பொருளின் பலவீனம் கைவினையின் தொடர்ச்சிக்கு உத்தரவாதம் தந்தது.

ஃபைபர் விற்கிறவர் முதலில் சொல்லும் வாக்கியம் 'மெயின்டனன்ஸே கிடையாது சார்' என்பது. இந்த வாக்கியத்தை விலைச் சலுகையாகக் கேட்கிறோம். 'இனி யாரும் இங்கே வேலைக்கு வர வேண்டியதில்லை' என்பதாகவும் அதைக் கேட்கலாம். வாக்குறுதி முழு உண்மையும் அல்ல. புற ஊதாக் கதிரில் ஜெல்கோட் வெளுத்து மாவு பூக்கும், மயிரிழை வெடிப்பு விடும், தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். உடைந்த சுதை மண்ணோடு போகும். உடைந்த பீங்கான் சில்லுகூடப் பூமிக்குப் பழகியதுதான். ஒருமுறை இறுகிய பாலியஸ்டரை மறுபடி உருக்க முடியாது. மண்டபத்துக்குப் பின்னால் கை ஒடிந்து குப்புறக் கிடக்கும் ஃபைபர் துவாரபாலகரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. பழுது பார்க்கவே முடியாதா என்றால், முடியும். படகைச் சரிசெய்யக் கடலோரத்தில் ஆள் இருக்கிறார். தூணைச் சரிசெய்ய யாரும் கூப்பிடுவதில்லை. புதுசு வாங்குவது மலிவு.

நம் ஊரில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். வெந்த மண் கணீரென்கும், கீறல் விட்டது காட்டிக்கொடுத்துவிடும். பொருளின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து விசாரிக்க மக்கள் கண்டுபிடித்த விமர்சன முறை அது. ஃபைபர் தூணைத் தட்டினால் 'டொக்' என்கிறது. உடனே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. இதன் நெருப்பு எங்கே எரிகிறது, லாபம் எங்கே போய்ச் சேர்கிறது, ஆவியை யார் சுவாசிக்கிறார், யாளிக்கு மூல உருவம் பிடித்தவர் யார், பத்து வருஷம் கழித்து இதைச் சரிசெய்ய வரப்போகிறவர் யார் என்ற கேள்விகளைக் கோபுரத்துச் சுதையிடமும் தொழிற்பேட்டைப் பீங்கானிடமும் மேடை ஃபைபரிடமும் ஒன்றுபோலவே கேட்க வேண்டியிருக்கிறது. மண்ணைக் கையில் வைத்திருக்கும் விருத்தாசலம் மாதிரியான ஊர், அலங்காரத்துக்கான பொருளைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கப்போகிறதா, பீப்பாய் வந்து இறங்கும் இடமாக மட்டும் மிஞ்சப்போகிறதா என்பது இந்தக் கேள்விகளுக்கு நாம் தேடும் விடைகளைப் பொறுத்தது.